கோடைக்கானல் ஏரி கண்ட லெவிஞ்சு துரை

தாண்டிக்குடியினின்று பண்ணைக்காடு, ஊத்து, பெருமாள்மலை வழியாகக் கோடைக்கானலுக்கு ஏறிச் செல்வோர், ஒரே மலைத்தொடரில் இருவேறு நாடுகளைக் கண்டாற்போன்ற வியப்பினை அடைவர். முருகப்பெருமான் இவ்விடத்தினின்று பழனிக்குத் தாண்டிக் குதித்தமையால் தாண்டிக்குடியென்னும் பெயர் வந்ததென்பது ஊரார் கூற்று. கீழ்ப்பழனிமலையைச் சார்ந்த அவ்வூர்ப்புறத்தே நிழன்மரங்களின்கீழ்க் காப்பியும் மிளகும் மலைவாழையும் செழித்திருக்கும். பண்டை மக்கள் கற்பலகைகளை நிறுத்தி அமைத்த ஈமக்கல்லறைகளும் ஆங்காங்கே உள. மேலே ஏழாயிரம் அடி உயரத்திலோ, முன்னாளில் இருந்தவை புல்வெளியும் சோலையும் சதுப்பு நிலமுமே. ஓடைகள் விரைந்தோடாது கோரைப்புல்லினூடே நெளிந்து தேங்கி, கால் வைத்தாற் புதையும் கருஞ்சேற்றை ஆக்கியிருந்தன. மாடு மேய்ப்பவனும் வேட்டைக்காரனுமன்றிப் பிறர் அங்குத் தங்குதல் அரிது.

இத்தகைய சேற்றுநிலம் ஒன்றினையே அழகிய ஏரியாக்கியவர் ஸர் வியர் ஹென்றி லெவிஞ்சு ஆவர். ஏரியில் ஓடம் விடுவோருள் அவர் பெயரையேனும் அறிந்தவர் மிகச் சிலரே. அதுபற்றியே அவர் வரலாற்றை ஈண்டு ஒருவாறு எழுதத் துணிந்தோம்.

லெவிஞ்சு 1819-ஆம் ஆண்டிற் பிறந்தார். அயர்லாந்து தேசத்து வெஸ்ட்மீத் பகுதியில் நிலவுரிமையும் பாரனெட் என்னும் பரம்பரைப் பட்டமும் உடையது அவர் குடும்பம். தமையனாராகிய ஸர் ரிச்சர்டு, படைவீரராய் வட அமெரிக்கக் காடுகளிற் சுற்றித் திரிந்து, தாம் கண்டவற்றை நூலாக எழுதி வெளியிட்டவர். பட்டமும் நிலமும் மூத்தவர்க்கே உரியன ஆதலின், இளையோர் பிழைப்புத் தேடிக் கடல் கடப்பது அக்காலத்து அந்நாட்டு வழக்கம். நம்மவரோ சென்னை ராஜதானியின் ஸிவில் உத்தியோகத்தை மேற்கொண்டார்.

1860-ஆம் ஆண்டு முதல் 1867 வரை அவர் மதுரை ஜில்லாவின் கலெக்டராக இருந்தார். திண்டுக்கல்லும் பெரியகுளமும் பழனிமலையும் அப்பொழுது அந்த ஜில்லாவில் அடங்கியிருந்தன. கோடைக்கானலில் அமெரிக்க மிஷனரிமார் 1845-இல் முதலில் இரு வீடுகளைக் கட்டியிருந்தனர். சமவெளியின் வெப்பத்தாலும் நோயாலும் தம் மனைவி மக்களைப் பறிகொடுத்த துயரமே அவர்களை மலைமேல் ஏற்றியது. வண்டிப்பாதை அக்காலத்தில் இல்லை. பெரியகுளத்துப் பக்கத்து மலையடிவாரத்தினின்று நடந்தேனும், குதிரைமீதேனும், கூலிகள் சுமக்கும் நாற்காலியிலேனும் ஏறவேண்டும். அங்ஙனம் ஏறிய கலெக்டர், வீடுகளுக்கிடையே கிடந்த பள்ளத்துச் சதுப்பினைக் கண்டார். ஓடைகள் அதனுள் இறங்கி ஒரு வாயிலாலே வெளியேறுதலையும் நோக்கினார். அவ்வாயிலை அடைத்தால் நீர் நிற்கும் என்பதை உணர்தற்குப் பெரும் பொறியியற் புலமை வேண்டுவதில்லை. நம் பாண்டிநாட்டில் எந்தக் குடியானவனும் கரை கட்டுங் கலையை அறிவான். ஆயினும் அதற்குப் பொருள் வேண்டுமே! வரி தண்டுங் கலெக்டராகிய அவர், பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு 1863-இல் கரையை எழுப்பினார். மண் சுமந்த கூலிகளின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை.

சற்றேறக்குறைய அறுபது ஏக்கர் பரப்பில் நட்சத்திர வடிவாய் நீர் நிறைந்தது. சுற்றிவர மூன்று மைல். பின்னர்த் தூத்துக்குடியினின்று ஓர் ஓடத்தை வருவித்து நீரில் மிதக்கவிட்டார். கடலோரத்து ஓடம் ஏழாயிரம் அடி உயரத்து மலைமேல் ஏறிய காட்சி எவ்வாறு இருந்திருக்கும்! ஏரியில் மீன்களையும் விட்டார். அவ்வேரியினின்று வழியும் நீரே கீழே வெள்ளியருவியாய் நூற்றெண்பது அடி வீழ்கின்றது. அத்தகைய அருவியைக் கடந்து சமவெளி மீன் தானே ஏறிவருமோ?

அக்காலத்து ஆங்கிலேயர்க்கு மீன்பிடித்தல் உணவின்பொருட்டன்று. இறகையும் பட்டுநூலையும் தூண்டில்முள்ளிற் கட்டி ஈயினைப்போலத் தோற்றுவித்து, நீளக்கோலால் வீசி நீர்மேல் மெல்ல இறக்கி, மீனை ஏமாற்றுவது அவர்களுக்கு ஒரு கலை. தன்னந்தனியே இரண்டு நாள் நீர்க்கரையில் நின்று ஒன்றும் அகப்படாது திரும்பினும் மனநிறைவடைவர். சென்னை ஸிவில் உத்தியோகத்தரான ஹென்றி ஸல்லிவன் தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டிலிடுதல்பற்றி 1873-இல் ஒரு பெருநூலே வெளியிட்டார். அக்கலைக்கு ஏற்றதென அவர்கள் போற்றும் டிரவுட் மீனைச் சீமையினின்று நீலகிரிக்குக் கொணர, மீன்நூல் வல்ல டாக்டர் பிரான்ஸிஸ் டே 1860-களில் முயன்றார். வெப்பநாட்டு வழியிற் கொணர்ந்த முட்டைகள் கெட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அம்முயற்சி நீலகிரியிற் பலித்தது.

சதுப்பினை மூடியது நலமோ என்று இன்று வினவுவாரும் உளர். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்துக் கோடையில் ஓடைகட்குச் சிறிது சிறிதாய் ஈவது அச்சேற்றுநிலமே என்பதை அக்காலத்தார் எண்ணவில்லை. லெவிஞ்சும் எண்ணியிருப்பாரென்று நமக்குத் தோன்றவில்லை. மேற்கே பேரிஜம் சதுப்பில் அதே காலத்திற் குடிசை அமைத்துத் தங்கிய டக்ளஸ் ஹாமில்டன் என்னும் படைத்தலைவர், அங்கே பண்டைக்காலத்து ஏரி ஒன்று இருந்து அழிந்ததென 1864-இல் அரசாங்கத்தார்க்கு அறிவித்தார். பிற்காலத்தில் அங்கும் அணையெழுந்து, அந்நீர் பெரியகுளத்தார்க்குக் குடிநீராயிற்று. ஆகவே முழுதுங் குறைகூறவும் நம் நா எழவில்லை. கோடைக்கானல் ஏரிக்கு நேர்ந்த கேடு வேறு. 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவால் மலை மாசுற்றது. ஏரிமீன்களின் உடலிலும் பாதரசம் இருத்தலை 2006-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. மீன்விட்ட துரை கனவிலும் கருதியிராத செய்தி இது.

1867-இல் உத்தியோகத்தினின்று நீங்கிய லெவிஞ்சு, ஒத்த பதவியினர் பலரையும்போலக் கப்பலேறித் தாயகஞ் செல்லவில்லை. கோடைக்கானலிலேயே வீடமைத்துத் தங்கினார். அதிகாரம் போனபின்னும் ஊரின் நலத்திலே கருத்தூன்றியிருந்தார். இவ்வாறு பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 1884-இல் தமையனார் இறக்கவே, பாரனெட் பட்டம் கடல் கடந்து இவரைத் தேடிவந்தது. அறுபத்தைந்து வயதில் ஸர் வியர் ஆனார். அப்பட்டத்தை ஓராண்டேனும் முழுமையாய் அனுபவித்தாரல்லர், 1885-இற் காலமானார். அவருடைய நண்பர்கள் சேர்ந்து அவர் நினைவாகக் கோடைக்கானலில் ஒரு கற்சிலுவையை நிறுவினர்.