கம்பி இல்லாமல் படகு ஓட்டிய நிகோலா டெஸ்லா

டெஸ்லா என்று சொன்னால் இன்றைக்குப் பாதிப் பேருக்குக் கார்தான் ஞாபகம் வருகிறது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் கார் கம்பெனி எதுவும் நடத்தியவர் இல்லை. நம்ம லேபில் ஓடுகிற இண்டக்‌ஷன் மோட்டாருக்கு வழி காட்டியவர். நமக்குப் பிடித்த ரிமோட் வண்டிக்கும் அவர்தான் மூல புருஷர். அது நிறையப் பேருக்குத் தெரியாது.

1856 ஜூலை 10-ல் ஸ்மிலியான் என்ற கிராமத்தில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசு, இன்று குரோஷியா. அப்பா செர்பியச் சபையின் பாதிரியார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வீட்டுக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்துகொள்வாராம். தன் கைத்திறன் அம்மாவிடமிருந்து வந்தது என்றே டெஸ்லா கடைசி வரை நம்பினார். எங்க அம்மாவும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. ஆனால் அறுந்துபோன கிணற்று ராட்டினக் கயிற்றை அவர் முடிச்சுப் போட்டால் மறுபடி அவிழாது. அதனால் இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

மகனும் பாதிரியார் ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பள்ளி முடித்த கையோடு டெஸ்லாவுக்குக் காலரா வந்து மாதக்கணக்கில் படுத்துவிட்டார். பிழைத்து எழுந்தால் இன்ஜினியரிங் படிக்க வைக்கிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். 1875-ல் கிராஸ் நகரத்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். ஆமாம், பாலிடெக்னிக்தான்!

அங்கே வகுப்பில் ஒரு டி.சி. மெஷினை ஓட்டிக் காட்டியபோது பிரஷ்ஷில் தீப்பொறி பறந்தது. கம்யூட்டேட்டரே இல்லாமல் மோட்டார் செய்ய முடியாதா என்று கேட்டார். முடியவே முடியாது என்று பேராசிரியர் ஒரு வகுப்பு முழுக்க நிரூபித்துக் காட்டினாராம். முதல் வருஷம் பிரமாதமாகப் படித்தவர், பிறகு ஸ்காலர்ஷிப் நின்று, சூதாட்டத்திலும் விழுந்து, பட்டம் வாங்காமலே வெளியேறினார். சூதாட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஸ்காலர்ஷிப் நின்றால் என்ன ஆகும் என்று நம்மில் பலருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தக் கேள்வியை மட்டும் அவர் விடவில்லை. 1882-ல் புடாபெஸ்டில் சுழல் காந்தப் புலம் என்ற விடை கிடைத்தது. 1884-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்து எடிசனிடம் சில மாதம் வேலை பார்த்தார். பிறகு கூட்டாளிகளோடு தொடங்கிய கம்பெனி கைவிட்டுப்போக, கூலிக்குப் பள்ளம் தோண்டினார். 1888-ல் அவருடைய ஏ.சி. மோட்டார் காப்புரிமைகளை வெஸ்டிங்ஹவுஸ் வாங்கினார். 1896-ல் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகரத்துக்கு ஓடியது. நடுவில் 1895-ல் லேப் முழுக்க எரிந்து சாம்பலானது.

இப்போது படகுக்கு வருவோம். 1898-ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் மின் கண்காட்சியில் ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சுமார் நாலடி நீளப் படகு ஒன்றை விட்டார். கையில் ஒரு சின்னப் பெட்டி. கம்பி கிடையாது. படகு போனது, திரும்பியது, விளக்கை அணைத்து ஏற்றியது. உள்ளே குரங்கு ஒளிந்திருக்கிறது என்று கூடச் சிலர் நினைத்தார்களாம்!

உள்ளே இருந்தது இதுதான். பேட்டரி, புரொப்பெல்லருக்கு ஒரு மோட்டார், சுக்கானுக்கு ஒரு மோட்டார், அப்புறம் ரிசீவர். டிரான்சிஸ்டர், வால்வு எதுவும் பிறக்காத காலம். உலோகத் தூள் நிரப்பிய சின்னக் குழாய்தான் ரிசீவர். ரேடியோ அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும், ரிலே இழுக்கும். அடுத்த சிக்னலுக்குத் தூள் உதிர வேண்டுமே? குழாயையே தலைகீழாகப் புரட்டிவிட ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு வட்டு ஒரு படி நகரும். அதற்கேற்பச் சுக்கான் ஒரு பக்கம் திரும்பும், நிற்கும், மறுபக்கம் திரும்பும்.

மண் தரைப் பந்தயத்துக்கு முதல் ரிமோட் டிரக் எதை வாங்கலாம் என்று ஹாஸ்டலில் நடக்கும் விவாதத்தில் எல்லோரும் டயரையும் வேகத்தையும்தான் பேசுகிறார்கள். நான் கேட்பது ஸ்டியரிங்கை. பொம்மைக் கடை வண்டிகள் பலவற்றில் இன்னமும் முழு இடம், முழு வலம், அவ்வளவுதான். நாம் எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவே திரும்பும் செர்வோ இருந்தால்தான் வளைவில் வண்டி நிற்கும். ரிசீவர், செர்வோ, ஸ்பீடு கன்ட்ரோலர் மூன்றும் தனித்தனியாக இருக்கிற வண்டி என்றால் ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஒரே போர்டில் எல்லாம் இருந்தால் மொத்தமும் குப்பைக்கு. ஒருத்தர் சிக்னல் இன்னொருத்தர் வண்டியைக் குழப்பக் கூடாது என்ற கவலையும் டெஸ்லாவுக்கு அப்போதே இருந்தது. இரண்டு அலைவரிசை சேர்ந்து வந்தால் மட்டுமே வேலை செய்யும் முறைக்கு 1903-ல் காப்புரிமை பெற்றார். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் அந்தக் கவலையே இல்லை.

படகுக்கு 1898 நவம்பர் 8-ல் காப்புரிமை கிடைத்தது. ஸ்பெயினோடு அமெரிக்கா போர் புரிந்த வருஷம் அது. ஆளில்லாமல் போய்த் தாக்கும் படகு என்று எடுத்துச் சொல்லியும் கடற்படை வாங்கவில்லை. நான் செய்த, கோட்டைப் பார்த்து ஓடும் வண்டியை ஊரில் காட்டினபோது எங்க பெரியப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இது எதுக்குடா ஆகும் என்றுதான் கேட்டார். பெரியப்பா கேட்டதில் தப்பில்லை. டெஸ்லா விஷயத்தில் எனக்கு ஒரு குறை உண்டு: உள்ளே என்ன இருக்கிறது என்று ஜனங்களுக்கு விளக்காமல், படகே யோசித்துப் பதில் சொல்வதுபோல் வேடிக்கை காட்டிவிட்டார். காப்புரிமைக் காலம் யாருக்கும் பயனில்லாமலே முடிந்தது.

அதற்குப் பிறகு இறக்கம்தான். கம்பியில்லாமல் உலகுக்கே செய்தியும் மின்சாரமும் அனுப்ப வார்டன்கிளிஃபில் கோபுரம் எழுப்பினார். மோர்கன் மேற்கொண்டு பணம் தர மறுத்தார். 1917-ல் கோபுரத்தை இடித்தார்கள். கடன் ஏறி ஹோட்டல் ஹோட்டலாக மாறி, புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டு வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1943 ஜனவரி 7-ல் நியூயார்க்கர் ஹோட்டலின் 3327-ம் எண் அறையில் தனியாக இறந்துகிடந்தார். வயது 86.

1960-ல் காந்தப் பாய அடர்த்தியின் அலகுக்கு டெஸ்லா என்று பெயர் வைத்தார்கள். மெஷின்ஸ் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வியாக அது அடிக்கடி வருகிறது.