பாடசாலை வாய்க்காத சிறுமி, பாடம் சொன்ன சமையற்காரி

நூற்றாண்டு மலரில் ஆசிரியைகளை நினைவுகூரும் நாம், பாடசாலையே சரிவர வாய்க்காத ஒரு பெண்ணின் வாழ்வையும் அறிந்துகொள்வது நல்லது. அவர் பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற சமையற்காரர் யூஜெனி பிராசியே.

1895இல், லியோன் நகருக்கு வடக்கே ஒரு கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதிலேயே பன்றி மேய்த்தார். பண்ணையில் வேலை குறைந்த நாட்களில்தான் பாடசாலை. பத்து வயதில் தாய் இறக்க, வேறொரு பண்ணைக்கு வேலைக்காரியாக அனுப்பப்பட்டார். அம்மா கொழுந்தெடுக்கப் போக, தம்பி தங்கையைப் பார்க்க லயத்தில் நின்றுவிட்ட பிள்ளைகளையும், கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளையும் அறிந்த நமக்கு இது தூரத்துக் கதையல்ல.

பத்தொன்பது வயதில், மணமாகாத நிலையில் மகன் பிறந்தான். தந்தை வீட்டைவிட்டு அனுப்பினார். லியோனில் ஒரு செல்வந்தர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேதான் சமைக்கத் தொடங்கினார். பிறகு ஃபிலியூ அம்மாவின் உணவகத்தில் இடம் கிடைத்தது. சொந்த உணவகம் நடத்திய பெண்களை லியோன் மக்கள் 'அம்மா' என்றே அழைத்தார்கள். கண்டிப்பான அந்த அம்மாதான் பிராசியேக்கு வாய்த்த ஆசிரியை. கோழியின் தோலுக்கடியில் கறுப்பு ட்ரஃபிள் காளானை வில்லைகளாகச் செருகி வேகவைக்கும் பக்குவம் அங்கிருந்து வந்தது.

1921இல், கையிலிருந்த 12,000 பிராங்கைக் கொண்டு, பதினைந்து பேர் அமரக்கூடிய சிறு உணவகத்தைத் திறந்தார். ஓயாத உழைப்பால் உடல் தளர்ந்தபோது, நகருக்கு வெளியே மலைப்பாங்கான இடத்தில், மின்சாரமும் எரிவாயுவும் இல்லாத மரவீட்டில் தங்கினார். அங்கும் சமைத்தார்; அதுவே இரண்டாவது உணவகமாயிற்று. 1933இல் மிஷெலின் வழிகாட்டி நூல் இரண்டுக்கும் மும்மூன்று நட்சத்திரங்கள் வழங்கியது. உலகில் ஆறு நட்சத்திரங்களை ஒருசேரப் பெற்ற முதல் சமையற்காரர் அவரே.

1946இல் போல் பொக்கூஸ் என்ற இளைஞர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சமையலோடு மாடு கறப்பது, தோட்டவேலை, துணி துவைத்து இஸ்திரி போடுவது எல்லாம் பழகினார். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற அவர், பிராசியேயைத் தம் ஆசிரியையாகக் கடைசிவரை போற்றினார். பிராசியேயோ, அரசு கொடுக்க வந்த உயர்ந்த விருதை, சமைப்பதற்கு அது மிகை என்று மறுத்துவிட்டார். 1977இல் காலமானார். அவருடைய பேத்தி தொடங்கிய சங்கம், சமையற்கலை பயிலும் இளம்பெண்களுக்கு இன்று உதவுகிறது.

இவ்வாழ்வை, படிக்காமலும் முன்னேறலாம் என்பதற்குச் சான்றாக நாம் எடுக்கக்கூடாது. பிராசியேக்கு ஓர் ஆசிரியை கிடைத்தது தற்செயல். அவரோடு பன்றி மேய்த்த எத்தனையோ சிறுமிகளுக்குக் கிடைக்கவில்லை. தற்செயலை நம்பி ஒரு பிள்ளையை விட்டுவிடாதிருக்கத்தான் பாடசாலை. இங்கே அதுவும் எளிதில் வரவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. எழுபதுகளில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பிள்ளை வராத நாளில் லயத்துக்கே தேடி வந்த ஆசிரியைகளால் நம்மிற் பலர் படித்தோம்.

இன்றும் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே இடைவிலகும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் உண்டு. எந்த ஊரில், எந்த நாட்டில் இருந்தாலும், பழைய மாணவியராகிய நாம் அப்படி ஒரு பிள்ளையின் படிப்பைப் பொறுப்பேற்போம். நூற்றாண்டு விழாவுக்கு அதைவிடப் பொருத்தமான காணிக்கை இல்லை.