நீண்ட கரம்

அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் மாமி மகள். பின்னர் அவர்களின் துணைவியானவர்கள். வீட்டிலிருந்தே தோலைப் பதனிட்டுத் தைப்பார்கள். வரும் வருவாயை ஏழைகளுக்கு ஸதகா செய்வார்கள்.

தம் துணைவியரில் கரம் நீண்டவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருந்தார்கள். அன்னையர் தத்தம் கரங்களை அளந்து பார்த்தனர். ஹிஜ்ரி 20-இல், உருவில் சிறியவரான ஜைனப் (ரலி) அவர்களே முதலில் வஃபாத்தானார்கள். நீண்ட கரம் என்பது உழைத்து வழங்கிய கரமே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

உமர் (ரலி) அவர்கள் அனுப்பிய 12,000 திர்ஹத்தையும் உறவினருக்கும் அநாதைகளுக்குமே பகிர்ந்தளித்தார்கள்.

நம் வீடுகளிலும் தையலும் பின்னலும் நடக்கின்றன. அவ்வருவாயில் ஏழைக்கென ஒரு பங்கை ஒதுக்குகிறோமா? சிந்திப்போமாக! அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.