ரோஜர் மாரிஸ்: 61இன் நாயகன்

அமெரிக்கப் பேஸ்பால் வீரர் ரோஜர் மாரிஸ் 1934இல் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தார். 1961இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக ஒரே பருவத்தில் 61 ஹோம் ரன் அடித்து, 1927இல் பேப் ரூத் படைத்த 60 என்ற சாதனையை முறியடித்தார். மக்களின் செல்லப்பிள்ளையான ரூத்தை மிஞ்சியதால் வசையே மிகுந்தது. மன உளைச்சலில் தலைமுடி கொட்டியது. ரூத்தின் பருவம் 154 ஆட்டம், இவருடையது 162 என்று கூறிச் சாதனையைத் தனியே பிரித்து எழுதினர். 1991இல்தான் அப்பிரிவினை நீங்கியது. அதைக் காணாமலே 1985இல், 51 வயதில் மாரிஸ் காலமானார்.

1998இல் மார்க் மெக்குவையர் 70 அடித்தபோது நாடே கொண்டாடியது. தாம் ஊக்கமருந்து எடுத்ததை 2010இல் அவர் ஒப்புக்கொண்டார். எட்டு ஆட்டங்களுக்காக மாரிஸின் உழைப்பைச் சந்தேகித்த விளையாட்டுலகம், மருந்தை அந்த அளவு துருவிப் பார்க்கவில்லை. இரு காலத்து வீரர்களை ஒப்பிடும்போது, எண்ணை மட்டுமன்றி அது வந்த வழியையும் பார்ப்பதே நியாயம்.