வேலையை விட்டு மாணவரான ஓவியர்

ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டி 'சோழமண்டலம்' என்ற ஓவியர் கிராமம் இருக்கிறது. அதை உருவாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர்.

அவர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். 12 வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கினார். நீர்வண்ண ஓவியத்தில் தேர்ந்தார். அது எளிதான கலை அல்ல. முதலில் வெளிர் வண்ணம், பிறகே அடர் வண்ணம் பூச வேண்டும். வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். தவறாகப் பூசிவிட்டால் திருத்துவது கடினம்.

தந்தை இறந்ததால் 18 வயதில் படிப்பு நின்றது. குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்தார். ஆனாலும் ஓவிய ஆசை விடவில்லை. வேலையைத் துறந்து, 25 வயதில் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1957இல் அங்கேயே முதல்வரானார்!

படம் வரைந்து மட்டும் பிழைக்க முடியாமல் இளம் ஓவியர்கள் தவித்தார்கள். பணிக்கர் வழிகாட்ட, பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். சேர்ந்த பணத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் கிராமம் உருவானது. 1977இல் பணிக்கர் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது.

நீங்களும் பல்லாவரம் மலையை வரைந்து பாருங்கள். நீலம், மஞ்சள், சிவப்பு மூன்றே போதும். தூரத்து மலைக்கு நீலத்தில் தண்ணீரை அதிகம் சேருங்கள். அருகிலுள்ள மரத்துக்கு நீலத்தோடு மஞ்சளைக் கலந்தால் பச்சை கிடைக்கும். முதல் படம் சரியாக வராவிட்டால் என்ன? அடுத்த தாளை எடுங்கள்!