எமி ஜான்சன்

எமி ஜான்சன் 1903ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தார். வானூர்தியைச் செலுத்தக் கற்றதோடு அமையாது, அதனைச் செப்பனிடும் பொறியாளர் உரிமமும் 1929இல் பெற்றார்.

1930 மே 5ஆம் நாள் ஆஸ்திரேலியா நோக்கித் தனியே பறந்தார். வழியில், பர்மாவின் இன்செயினில் ஒரு விளையாட்டுத் திடலில் இறங்கியபோது வானூர்தி பள்ளத்தில் பாய்ந்தது. இறக்கை கிழிந்தது, முன்சுழலி உடைந்தது. எமி மனம் தளரவில்லை. அங்கிருந்த தொழிற்கல்வி நிலையத்தார் துணைநின்றனர். பழைய வானூர்தித் துணியில் தைத்திருந்த சட்டைகளைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப்போட்டனர். உடன் கொண்டுவந்திருந்த மாற்றுச் சுழலி பொருத்தப்பட்டது.

மே 24இல் டார்வினை அடைந்து, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண்மணி என்னும் புகழ் பெற்றார். 1941இல் போர்க்காலப் பணியின்போது தேம்சு ஆற்றின் முகத்துவாரத்தில் உயிர்நீத்தார். செலுத்துவதோடு செப்பனிடவும் அறிந்தவரே நெடுந்தொலைவு செல்வர் என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.