தீனபந்து ஆண்ட்ரூஸ்: லயத்து வாசலுக்கு வந்த பாதிரியார்



நம் பாட்டன் பாட்டிமாருக்கு வெள்ளைக்காரர் என்றாலே தோட்டத்துத் துரைதான் ஞாபகத்துக்கு வருவார். அவர் கூப்பிட்டால் நாம் போய் நிற்க வேண்டும். நம்ம லயத்துக்கு அவர் வரமாட்டார். ஆனால் லயத்தைத் தேடி வந்து, கூலிக்காரர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, அதை அப்படியே எழுதி அரசாங்கத்தின் முன்னால் வைத்த வெள்ளைக்காரரும் ஒருவர் இருந்தார். அவர்தான் சார்லஸ் ஆண்ட்ரூஸ்.

1871ஆம் ஆண்டு இங்கிலாந்தில், நியூகாசில் நகரில் பிறந்தார். தகப்பனாரும் சபை ஊழியர்தான். கேம்பிரிட்ஜில் படித்து, 1897இல் பாதிரியார் ஆனார். லண்டனில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த வால்வொர்த் பகுதியில் ஊழியம் செய்தார். 1904இல் மிஷன் அவரை டில்லிக்கு அனுப்பியது. அங்கே செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார்.

மதத்தைச் சொல்லிக் கொடுக்க வந்தவர், வந்த இடத்தில் தாமே பாடம் படிக்க ஆரம்பித்தார். ஒரே சாமியைக் கும்பிட்டாலும் வெள்ளைக்காரர் மேலே, இந்தியர் கீழே என்று இருந்தது அவர் மனசை உறுத்தியது. கல்லூரித் தலைவர் பதவி காலியானபோது, அதை வெள்ளைக்காரருக்குத் தரக்கூடாது, அங்கேயே உழைத்த சுசீல் குமார் ருத்ராவுக்குத்தான் தரவேண்டும் என்று வாதாடினார். 1906இல் ருத்ரா தலைவரானார். அந்தக் கல்லூரிக்கு முதல் இந்தியத் தலைவர் அவர்தான்.

1913இல் தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்த கூலிக்காரர் தலைக்கு 3 பவுன் வரி கட்டவேண்டும் என்ற கொடுமையை எதிர்த்த போராட்டம் அது. சுடப்பட்டுச் செத்தவர்களும் உண்டு. காந்திக்குத் துணையாகப் போகும்படி கோகலே கேட்டுக்கொள்ள, ஆண்ட்ரூஸும் நண்பர் பியர்சனும் கப்பல் ஏறினார்கள். 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும், கூலிக்காரர் உடையில் நின்ற காந்தியின் காலைத் தொட்டு வணங்கினார் ஆண்ட்ரூஸ். அங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த மாதமே ஊரில் தாயார் இறந்துபோனார். கடைசி முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. கடல் கடந்து போன நம் முன்னோருக்கு நேர்ந்த அதே துக்கம் பாதிரியாருக்கும் நேர்ந்தது.

அங்கேதான், அடிபட்டு முதுகு கிழிந்து தோட்டத்தை விட்டு ஓடி வந்த ஒரு தொழிலாளியைப் பார்த்தார். ஆறுதல் சொல்லப் பக்கத்தில் போனார். வெள்ளை முகத்தைக் கண்டதும் அந்த மனிதன் பயந்து ஒடுங்கினான். அந்தக் காட்சி ஆண்ட்ரூஸை விடவே இல்லை. தன் நிறத்தைப் பார்த்தே ஒருவன் நடுங்குகிறான் என்றால், தான் பிரசங்கம் செய்து என்ன பயன்?

அந்த வருஷமே மிஷனை விட்டு விலகினார். பாதிரியாருக்குரிய சடங்குகளையும் நிறுத்திக்கொண்டு, தாகூரின் சாந்திநிகேதனுக்குப் போனார். மதத்தை விட்டுவிட்டார் என்று பேசினார்கள். உண்மை அது இல்லை. ஏசுவை அவர் விடவில்லை. கோயில் பீடத்தில் தேடியவரை இனிமேல் கூலி லயத்தில் தேடப் போனார், அவ்வளவுதான்.

1915இல் காலரா வந்து பிழைத்த உடம்போடு பீஜித் தீவுக்குப் புறப்பட்டார். 1879 முதல் சுமார் 60,000 இந்தியர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு போகப்பட்டிருந்தார்கள். 5 வருஷ ஒப்பந்தம். ஒரு அறையில் 3 ஆண்கள், இல்லாவிட்டால் ஒரு குடும்பம். வேலை குறைந்தால் கோர்ட்டு, அபராதம், ஜெயில். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஏற்றிப் போனதால் குடும்பங்கள் சிதைந்தன. வெட்டுக் குத்து நடந்தது. தூக்குப் போட்டுக்கொண்டவர் பலர். அந்த வாழ்க்கைக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயரே நரகம்.

ஆண்ட்ரூஸும் பியர்சனும் லயம் லயமாக ஏறி இறங்கினார்கள். கண்டதையும் கேட்டதையும் அறிக்கையாக எழுதி 1916இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் கிளர்ச்சி பொங்கியது. 1917இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் பிடிப்பது நின்றது. அதோடு விட்டாரா? ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் கதி என்ன என்று அந்த வருஷமே மறுபடியும் பீஜிக்குப் போனார். 1920 ஜனவரி முதல் தேதி, மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

ஜனங்கள் அவரைத் தீனபந்து, அதாவது ஏழைகளின் உறவினர், என்று அழைத்தார்கள். 1920களில் மலாயாவுக்கும் வந்து நம்மவர் நிலைமையை நேரில் பார்த்தார். கையில் இருந்ததையெல்லாம் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு, 1940 ஏப்ரல் 5ஆம் தேதி கல்கத்தாவில் கண்ணை மூடினார்.

தோழர்களே, ஒன்றை மறக்கக்கூடாது. அந்த அறிக்கையை எழுதியது ஆண்ட்ரூஸ். ஆனால் அதற்கு விஷயம் கொடுத்தது யார்? துரைக்கும் சர்தாருக்கும் பயந்து வாழ்ந்தும், அந்நியர் ஒருவர் கேட்டபோது வாயைத் திறந்து உண்மையைச் சொன்ன கூலிக்காரர்கள்! அவர்கள் ஊமையாக இருந்திருந்தால் அந்தப் புண்ணியவான் வெறும் தாளோடுதான் திரும்பியிருப்பார். நம்ம கஷ்டத்தை நாம் சொன்னால்தான் அது உலகத்துக்குத் தெரியும்.